உப்புக்காற்றில் நிற்கும் புல்லட்: புள்ளி விழுந்த குரோம் முதல் வெளுத்த அலுமினியம் வரை

காலை ஆறு மணிக்கு வெளியே வந்து வண்டியின் ஹேண்டில்பாரில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கமோ, புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கமோ வீடு என்றால் விரல் பிசுபிசுக்கும். ராத்திரி மழை பெய்திருக்காது, ஆனாலும் ஈரமாக இருக்கும். அது உப்பு இழுத்து வைத்த தண்ணீர். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பித்துவிடும். நம் கடலோரத்தில் பெரும்பாலான ராத்திரிகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான் இருக்கும். ஆக, உங்கள் வண்டி தினமும் இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனைகிறது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் வருஷக்கணக்கில் தாங்குகிற குரோம், இங்கே ஒரு ஐப்பசி கார்த்திகையிலேயே புள்ளி போடுவதற்குக் காரணம் இதுதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தானே புயல். 2011 டிசம்பர் 30 அன்று அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது என் புல்லட் வாசலில் நின்றிருந்தது. மரம் எதுவும் விழவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. கரண்ட் வரப் பல நாள் ஆனது. மோட்டார் ஓடாமல் குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது வண்டியை யார் கழுவுவார்கள்? பொங்கலுக்கு முன்னால், வண்டியை மூடியிருந்த துணியை எடுத்தபோது கிராஷ் கார்டு முழுக்கப் பழுப்புப் புள்ளி. டைமிங் கவரில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். அடிபடாத வண்டி அப்படிக் கெட்டதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். புல்லட்டை வைத்துச் சொல்கிறேன். யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ஸ்பிளெண்டர் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

கை வைப்பதற்கு முன் அடையாளம் காணுங்கள்

வண்டியில் பளபளப்பதெல்லாம் ஒரே சாமான் இல்லை. பலர் வண்டியைக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். இரும்புக்குச் செய்கிற வைத்தியத்தை அலுமினியத்துக்குச் செய்தால் அது கரைந்துபோகும். குரோமுக்குச் செய்வதைப் பெயின்ட்டுக்குச் செய்தால் பெயின்ட் உரிந்துவிடும்.

ஒரு சின்னக் காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டு கண்ணாடி மாதிரி நீல வெள்ளையாக மின்னினால் அது இரும்பின் மேல் குரோம்: ரிம், ஹேண்டில்பார், சைலன்சர், கிராஷ் கார்டு. ஒட்டாமல் சற்று மங்கலாக வெள்ளி நிறத்தில் இருந்தால் அலுமினியம்: இன்ஜின் கவர்கள், ஹப். சில இடங்களில் குரோமுக்கு நடுவில் லேசான மஞ்சள் தெரியும். அங்கே மேலே இருந்த குரோம் போய் அடியிலுள்ள நிக்கல் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடி மாதிரி மின்னியும் காந்தம் ஒட்டவில்லை என்றால் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் மேல் பூசிய குரோமாக இருக்கலாம்; அதற்கு சோப்புத் தண்ணீர் மட்டும் போதும்.

அலுமினியக் கவரில் இன்னொரு சோதனை உண்டு. துணியில் துளி தின்னர் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் தேயுங்கள். துணி ஒட்டினால், பிசுக்கென்று வந்தால், மேலே லாக்கர், அதாவது நிறமில்லாத மெல்லிய பூச்சு, இருக்கிறது. அந்த லாக்கரை எடுக்காமல் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உள்ளே இருக்கும் வெள்ளைக் கோடு போகாது, ஏனென்றால் அது லாக்கருக்கு அடியில் இருக்கிறது.

கழுவுவது, நல்ல தண்ணீரில்

கடலோரத்தில் பல தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பைக் கழுவி உப்பையே பூசிவிட்டீர்கள். போர் தண்ணீரில் சேற்றைக் கழுவிக்கொள்ளுங்கள், தவறில்லை. கடைசியாக ஒரு பக்கெட் மழைத் தண்ணீரோ நல்ல குடிநீரோ ஊற்றி அலசுங்கள். மட்கார்டின் அடிப்பக்கம், ஸ்போக் ரிம்மில் சேரும் இடம், ஸ்டாண்டின் ஸ்பிரிங், நம்பர் பிளேட்டுக்குப் பின்புறம், இந்த நாலும்தான் உப்பு பதுங்கும் இடங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி கட்டிவரும் வண்டிகளைக் கவனியுங்கள். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிற கேரியரும் பின் மட்கார்டும்தான் முதலில் அரித்திருக்கும்.

இறுகிப்போன போல்ட்டும் ஸ்க்ரூவும்

அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ, நடுவில் உப்பு ஈரம். மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். அந்த வெள்ளைத் தூள்தான் ஸ்க்ரூவை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பலத்தைக் காட்டினால் தலை உடையும்.

முதல் நாள் சாயங்காலம் துருநீக்கும் ஆயிலை ஊற்றி விட்டுவிடுங்கள். மறுநாள் ஸ்க்ரூ தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டுத் தட்டிவிட்டு இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர் (பின்னால் சுத்தியலால் அடித்தால் திருகும் வகை) போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கவரை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. டேங்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும்.

கழற்றும் ஸ்க்ரூக்களை டப்பாவில் மொத்தமாகப் போடாதீர்கள். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் இன்ஜின் கேஸில் மரை போய்விடும். திரும்பப் பூட்டும்போது மரையில் கிரீஸ் துளி தடவுங்கள். அழகுக்காக எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டாக மாற்றுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. போல்ட் துருப்பிடிக்காது, ஆனால் அதைப் பிடித்திருக்கும் அலுமினியம் அரிக்கும்.

குரோம்: எது மீளும், எது மீளாது

குரோம் பூச்சு என்று நாம் பார்ப்பது ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், கீழே. அடியில் இருக்கும் நிக்கல்தான் இரும்பைக் காப்பாற்றுகிறது, அது பத்து இருபது மைக்ரான் இருக்கலாம். குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே உப்பு இறங்கி, நிக்கலில் ஊசி முனை ஓட்டை போட்டு, இரும்பைத் தொட்டதும் துரு மேலே பொங்கி வருகிறது. நாம் பார்க்கும் பழுப்புப் புள்ளி அந்த ஓட்டையின் வாய்.

புள்ளி மட்டும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். பிரியாணி பொட்டலத்தில் வருகிற அலுமினிய ஃபாயிலைக் கழுவி, கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். குரோமைவிட அலுமினியம் மிகவும் மென்மையானது, அதனால் கீறாது. துரு கறுப்புக் குழம்பாக வரும். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துப் பார்த்துத் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் எமரி பேப்பரும் குரோம் பக்கமே வரக் கூடாது. கழிவறை ஆசிட்டும் கூடாது. அதிலிருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது குரோமையே கரைத்துவிடும்.

என் கிராஷ் கார்டில் இடது பக்க வளைவு இப்படித்தான் திரும்பி வந்தது. முதல் ஐந்து நிமிஷம் எதுவும் மாறவில்லை என்றுதான் தோன்றியது. அப்புறம் ஒரு இடத்தில் துணியை இழுத்தபோது, பழுப்புக்கு நடுவில் என் வீட்டு ஜன்னல் கம்பி நேர்கோடாகத் தெரிந்தது. வெயில் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தால் மிளகுத்தூள் தூவியது போலச் சின்னக் கறுப்பு ஓட்டைகள் இருந்தன. அவை போகாது. அவற்றை அடைப்பதுதான் அடுத்த வேலை. உலர்ந்ததும் அன்றைக்கே குரோம் பாலிஷ் போட்டு, மேலே கார் மெழுகு இரண்டு கோட் ஏற்றுங்கள். மெழுகு அந்த ஓட்டைகளில் உட்கார்ந்து உப்பைத் தடுக்கும். வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், வழவழப்பான குரோமில் அது பிடிக்காமல் கொஞ்ச நாளில் தோலாக உரியும்.

விரலால் தடவினால் சொரசொரப்பாகவோ, தகடாக எழும்பியோ இருந்தால் அது மீளாது. மறுபடி பிளேட்டிங்தான். குரோம் தொட்டியில் இருக்கும் ரசாயனம் கொடிய நஞ்சு, வீட்டில் முயலவே கூடாத வேலை. கடையில் கொடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பழைய பூச்சை முழுக்க எடுப்பீர்களா? பஃப்பிங் (சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) எவ்வளவு தூரம் செய்வீர்கள்? நிக்கல் தொட்டியில் எவ்வளவு நேரம் வைப்பீர்கள்? நான் ஒரு கடையில் இதையெல்லாம் கேட்காமல் ஹெட்லைட் ரிங்கைக் கொடுத்தேன். வாங்கும்போது கண்ணைப் பறித்தது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் துரு. நிக்கல் பேருக்குத்தான் இருந்திருக்கிறது.

பிறகு வேறு ஊரில் ஒரு பஃப்பிங் பட்டறையில் பெரியவர் ஒருவர் சொன்னதை மறக்கவே மாட்டேன். “பிளேட்டிங் பள்ளத்த மூடும்னு நெனைக்காத தம்பி. அது காட்டிக் குடுக்கும்.” கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வர வேண்டுமானால், தொட்டியில் இறங்குவதற்கு முன்பே இரும்பு கண்ணாடி மாதிரி இருந்திருக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி அந்தப் பஃப்பிங்குக்குத்தான் போக வேண்டும், அதில் பேரம் பேசாதீர்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப் தனி விஷயம். அதிலிருப்பது ஹார்ட் குரோம், தடிமனான கெட்டிப் பூச்சு. ஆயில் சீல் ஏறி இறங்கும் தூரத்துக்கு வெளியே குழி இருந்தால் கவலை இல்லை. சீல் ஓடும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவு குழி இருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஆயில் கசியும். மேடு மட்டும் இருந்தால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (ஈரமாகத் தேய்க்கும் எமரி; நம்பர் கூடக் கூட நைசு) ஆயில் தொட்டு மெல்ல அமர்த்தலாம். குழி என்றால் ஹார்ட் குரோம் போட்டு கிரைண்ட் செய்ய வேண்டும், அல்லது புதுப் பைப்.

அலுமினியக் கவர்: பொறுமை கேட்கும் வேலை

பழைய புல்லட்டின் அழகே அந்தப் பாலிஷ் போட்ட கவர்கள்தான். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

லாக்கர் இருந்தால் பெயின்ட் ரிமூவர் தடவி, சுருங்கியதும் மரக்கட்டையால் வழித்தெடுங்கள். கையுறை கட்டாயம். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் சீக்கிரம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அலுமினியம் அதில் கொதித்துக் கரையும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்.

அடுத்தது வாட்டர் பேப்பர். வெள்ளை அரிப்பு ஆழமாக இருந்தால் 320இல் ஆரம்பியுங்கள், லேசாக இருந்தால் 600 போதும். பிறகு 800, 1000, 1500, 2000. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டுக்கொண்டால் பேப்பர் அடைக்காது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 320ஐ மேலும் கீழுமாகத் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். பழைய கோடுகள் எல்லாம் மறைந்து புதிய திசைக் கோடு மட்டும் தெரிந்தால்தான் அடுத்த நம்பருக்குப் போகலாம். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால், கடைசியில் பாலிஷ் போட்ட பிறகு வெயிலில் அந்த 320 கோடு பல்லைக் காட்டும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஒரு கவருக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள்.

கேஸ்கெட் உட்காரும் முகத்தை எமரி தொடவே கூடாது, தொட்டால் ஆயில் கசியும். கழற்றிய கவரின் உட்பக்கத்தையும் ஆயில் துவாரங்களையும் டேப் ஒட்டி மூடிவிட்டு வேலை செய்து, முடிந்ததும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள். எமரித் தூள் இன்ஜினுக்குள் போனால் பேரிங்கைத் தின்றுவிடும்.

2000 முடிந்தால் மங்கலாகப் பளபளக்கும். அதற்கு மேல் ஆட்டோசால் போன்ற மெட்டல் பாலிஷைப் பழைய பனியன் துணியில் எடுத்துத் தேய்த்தால் கையாலேயே முகம் பார்க்கலாம். மோட்டார் பஃப் வைத்திருந்தால் துணிச் சக்கரத்தில் முதலில் பழுப்பு பஃப் சோப்பு, பிறகு வேறொரு சக்கரத்தில் வெள்ளை. ஒரே சக்கரத்தில் இரண்டையும் பூசாதீர்கள். சாமானைச் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே பிடியுங்கள். மேல் விளிம்பில் பட்டால் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். கண்ணாடி, மாஸ்க் போடுங்கள். லுங்கியும் தோள் துண்டும் அந்த மெஷின் பக்கம் ஆபத்து. அலுமினியம் பஃப் செய்த இடத்தில் தூளைப் பெருக்காமல் இரும்பை கிரைண்ட் செய்யாதீர்கள். துருத்தூள் கலந்த அலுமினியத் தூள் பொறி பட்டால் பயங்கரச் சூட்டோடு எரியும்.

பாலிஷ் முடிந்த கவர் வெறும் உலோகம். அன்றைக்கே மெழுகு ஏற்றுங்கள். லாக்கர் அடிப்பதை நான் விட்டுவிட்டேன். கல்பட்டு ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் உப்பு அதன் வழியே உள்ளே போய் மறுபடி புழுக்கோடு போடும். மெழுகு என்றால் மாதம் ஒரு முறை பத்து நிமிஷ வேலை, தீர்ந்தது.

சின்ன இரும்புச் சாமான்கள்

நட்டு, வாஷர், பிராக்கெட், ஃபுட்ரெஸ்ட் இவற்றுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம். முதலில் டீசலில் கழுவி, சோப்புப் போட்டு கிரீஸைப் போக்கிவிட்டு ஊறப்போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து பிரஷ் போட்டுப் பாருங்கள். துரு கரைந்து சாம்பல் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் முக்கி, உடனே துடைத்துச் சூடு காட்டி உலர்த்துங்கள். அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் மஞ்சள் படர்ந்திருக்கும். உலர்ந்த கையோடு ஆயிலோ பிரைமரோ ஏற வேண்டும். ஜிங்க் பூச்சு நன்றாக இருக்கும் போல்ட்டை இதில் போடாதீர்கள், பூச்சும் போய்விடும்.

ஸ்பிரிங், ஸ்போக், ஆக்சில், உறுதியான ஹை டென்சைல் போல்ட் இவற்றை ஆசிட்டில் ஊறவைக்காதீர்கள். கடினமான எஃகு அமிலத்தில் ஹைட்ரஜனை உள்ளே வாங்கிக்கொண்டு நொறுங்கும் தன்மை பெறும். வெளியே பளிச்சென்று இருக்கும் போல்ட் பாரம் ஏறும்போது பட்டென்று உடையும். இவற்றுக்கு வயர் பிரஷ்தான். அரித்து மெலிந்த ஸ்போக்கைக் காப்பாற்ற நினைக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேரியர், ஸ்டாண்டு போன்ற பெரிய சாமானுக்கு சலவைச் சோடாக் கரைசலும் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரும் நல்ல வழி. துருப்பிடித்த சாமானுக்கு நெகட்டிவ், வேண்டாத இரும்புத் தகட்டுக்கு பாசிட்டிவ். இரண்டும் கரைசலுக்குள் இருக்க வேண்டும், ஆனால் ஒன்றையொன்று தொடக் கூடாது. பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். திறந்தவெளியில் செய்து, சார்ஜரை அணைத்த பிறகே கரைசலுக்குள் கை வையுங்கள்.

பெயின்ட்

பெயின்ட் வேலையை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை தொடாதீர்கள். ஈரக்காற்றில் அடித்த லாக்கர் பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். தை கடைசியிலிருந்து சித்திரை வரை, வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு, மத்தியானக் கடற்காற்று திரும்புவதற்கு முன் உள்ள அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் நம் ஊரில் பெயின்ட்டுக்கு நல்ல நேரம்.

துருவின் மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கும் உப்பு கொப்புளமாகக் கிளப்பும். சுரண்டி, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, குழிகளில் மிச்சம் இருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் தடவுங்கள். அதில் சொன்ன நேரம் காத்திருந்து எபாக்ஸி பிரைமர், பிறகு கலர். ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங் கேட்பவர்கள், அடியில் பிரைமர் கோட் உண்டா என்று கேளுங்கள். கடலோரத்தில் வெறும் பவுடர் ஒரு இடத்தில் உடைந்தால் அதன் அடியிலேயே துரு ஓடிவிடும், மேலே இருந்து தெரியாது. பேரிங் உட்காரும் இடம், மரை, சேசிஸ் நம்பர் இவற்றை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். நம்பர் படிக்க முடியாமல் போனால் எஃப்சி சமயத்தில் ஆர்டிஓ அலுவலகத்தில் நிற்க வேண்டிவரும். நிறத்தையே மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும்.

டேங்க்குக்கு என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் மட்டும் அடித்து விட்டால் பெட்ரோல் சிந்தியதும் இளகும். மேலே 2கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத பூச்சு, வேண்டும். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது, ஆகவே இதை மட்டும் பூத் வைத்திருக்கும் பெயின்டரிடம் விடுங்கள். தொழிற்சாலையில் கையால் இழுத்த தங்கக் கோடு உங்கள் டேங்க்கில் இன்னும் உயிரோடு இருந்தால், தயவுசெய்து பெயின்ட்டே அடிக்காதீர்கள். மெல்லிய ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெழுகு ஏற்றினால் போதும். அந்தக் கோட்டில் கை நடுங்கிய இடம்கூட உங்கள் வண்டிக்கு மட்டும் சொந்தமானது.

சைலன்சருக்கு மெழுகு நிற்காது. குரோம் போய்விட்டால் சூடு தாங்கும் சிலிக்கான் பெயின்ட் அடித்து, இன்ஜினைச் சில நிமிஷம் ஓடவிட்டு ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கூடுதலாக ஓட்டி, சூட்டிலேயே வேகவையுங்கள். பால் வாங்கப் போய்த் திரும்பும் தூரத்துக்கு மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கும். புகையிலுள்ள நீராவி உள்ளே தண்ணீராகப் படிகிறது, அது சூடாகி வெளியேற நேரம் கிடைப்பதில்லை. வாரம் ஒரு முறையாவது விழுப்புரம் சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆயுத பூஜை கணக்கு

ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருவது நமக்கு வசதி. பூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவி, குரோமுக்கும் அலுமினியத்துக்கும் இரண்டு கோட் மெழுகு, நட்டு போல்ட் தலைகளுக்குத் துணியில் தொட்ட ஆயில், ஸ்போக் நிப்பிள்களுக்கு ஒரு சொட்டு. பூஜையன்று சந்தனம், குங்குமம் வையுங்கள். எலுமிச்சைச் சாறு குரோமிலோ கவரிலோ தெறித்திருந்தால் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், மறுநாள் வரை விட்டால் அலுமினியத்தில் கறை விழும்.

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் அடைத்து ராத்திரி முழுக்க வேர்க்கும். காற்று நுழையும் துணிக் கவர் போதும், அதுவும் வண்டி காய்ந்த பிறகு. புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியைக் கட்டிவைப்பதோடு, ஒரு குடம் நல்ல தண்ணீரையும் வண்டிக்கென்று தனியாகப் பிடித்து வையுங்கள். காற்று நின்றதும் கரண்ட்டுக்குக் காத்திருக்காமல் அந்தக் குடத்தை மேலிருந்து மெதுவாக ஊற்றி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.